சம்சயம் சாமியும் நம்பத்தகாத வினைச்சொற்களும்

கடவுளை நம்பாதவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டிய மனைவியை நம்பாதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கிலீஷ் வினைச்சொல்லை நம்பாமல், அது எங்கே போகிறது, யாரோடு சேருகிறது என்று ஆயுசு முழுக்கத் துப்பறிந்துகொண்டே அதன் பின்னால் நடந்த ஒரே பிறவி எங்கள் சம்சயம் சாமிதான். இனிமேலும் அப்படி ஒருவர் பிறக்கப்போவதில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சம்சயம் என்றால் சந்தேகம். சாமி என்றால், திருவனந்தபுரத்து மலையாளிகளுக்குத் தமிழ் பிராமணர் எல்லாரும் சாமி. இரண்டையும் சேர்த்து வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் "யார் சொன்னா?" என்று விசாரணையை ஆரம்பித்துவிடுவாரோ என்ற பயத்தில் ஒருவரும் கூப்பிட்டதில்லை.

வெள்ளைக்காரன் டெல்லியை விட்டுக் கப்பலேறிச் சில வருஷம் ஆகியிருந்தது. தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில், ஒரு லாட்ஜுக்குப் பக்கத்து மாடியில் எங்கள் ஆபீஸ். வித்துராவுக்கும் மேலே, மலையில் இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு அது டவுன் ஆபீஸ். எங்களுக்கு வேலை இரண்டு. மலைத் தொழிலாளிகளுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் அனுப்புவது ஒன்று. மலைமேல் இருந்த துரைக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது இன்னொன்று. அரிசி அனுப்புவது சுலபம். அனுப்பிவிட்டோம் என்று எழுதுவதுதான் பெரும்பாடு. அந்தப் பெரும்பாட்டுக்குத் தலைமை வகித்தவர் ஹெட் கிளார்க் சம்சயம் சாமி. அதை டைப் அடித்துத் தேய்ந்தவள் நான்.

நாங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். அப்பா சாலைக்கடை பஜாரில் ஒரு கடைக்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் வாதம் வந்து படுத்துவிட்டார். தம்பிகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் உலை கொதித்தது என்றால் அது என் பத்து விரலின் புண்ணியம். ஆபீசில் ஒரே பெண் நான்தான். அதனாலேயே சாமிக்கு என்மேல் கொஞ்சம் கூடுதல் சந்தேகம். என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டார். "டைப்பு" என்பார்.

துரையை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வாரம் தவறாமல் அவருடைய கடிதம் மட்டும் வரும். எங்கள் மேனேஜர் மற்ற எல்லாரிடமும் கர்ஜிப்பார். துரையின் கடிதத்தை மட்டும் எழுந்து நின்று வாசிப்பார். அந்தத் துரை வாசிக்கப்போகும் கடிதத்தில் ஒரு வினைச்சொல் தப்பிப்போனால் என்ன ஆகும் என்ற கவலையில்தான் சாமிக்குத் தலைமயிர் உதிர்ந்தது என்று தபால் பிரிவுக் குறுப்பு சொல்வார்.

ஒருநாள் குறுப்பு, அரிசி லாரி புறப்பட்டதைப் பற்றி இரண்டே வரி எழுதிக் கொண்டுவந்தார்.

"'லாரி ஹாஸ் லெஃப்ட்'னு எழுதியிருக்கியே குறுப்பே, போயிடுத்தா?" என்றார் சாமி.

"போயி சாமி."

"நீ பாத்தியோ?"

"டிரைவர் பறஞ்ஞு, இப்போ போகும்னு."

"அப்போ போகலை. போகப்போறது. போகப்போறதுக்கும் போனதுக்கும் நடுவிலே ஒரு டீக்கடை இருக்காக்கும், தெரியுமோ?"

குடையை எடுத்துக்கொண்டு, லாரியில் அரிசி ஏற்றுகிற சாலைக்கடைக்கு நடந்தார். அவர் சொன்னபடியே டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சாமி வெற்றியோடு திரும்பி வந்து "இஸ் லீவிங்" என்று மாற்றினார். நான் அடித்து முடிப்பதற்குள் லாரி தம்பானூர் வழியாகவே ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "அது நம்ம லாரிதான்னு என்ன நிச்சயம்?" என்று மறுபடியும் சாலைக்கடைக்குப் போனார். லாரி புறப்பட்டது என்ற கடிதம் தபாலில் சேர்ந்தபோது, லாரி மலைக்குப் போய் அரிசியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

வினைச்சொற்களை அவர் ஜாதகம் பார்ப்பதுபோலப் பார்த்து வைத்திருந்தார். நடந்து முடிந்ததைச் சொல்லும் சொல் செத்த பாம்பு, பயமில்லை, ஆனால் செத்ததை யாராவது பார்த்திருக்க வேண்டும். "ஹாஸ்" சேர்ந்தால் வீட்டுக்கு வந்த விருந்தாளி, போய்விட்டானா இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறானா என்று தெரியாது. "ஹாட்" வந்தால் இரண்டு பேர் விவகாரம், யார் முந்தி யார் பிந்தி என்று சொல்ல இரண்டு சாட்சி வேண்டும். "இங்" வந்தால் முடிக்காமல் கிடக்கிற வேலை, அதை எழுதுகிறவன் சோம்பேறி. சாட்சி கிடைக்காத வினைச்சொல் அவருடைய பேனாவைத் தாண்டி என் மிஷினுக்கு வராது.

வினைச்சொல்லாவது விசாரணைக்குப் பிறகு விடுதலையாகும். அடைமொழிக்கு அந்தக் கதியும் கிடையாது.

"'கைண்ட்லி'னு போட்டா, அவர் இத்தனை நாளாத் தயவே இல்லாத மனுஷர்னு நாம நினைச்சுண்டிருந்ததா ஆகாதோ? 'இம்மீடியட்லி'யா? அப்போ இதுவரைக்கும் என்ன பண்ணிண்டிருந்தேள்னு கேப்பார். அடைமொழிங்கறது கோர்ட்டு வாசல்ல நிக்கற கூலிச் சாட்சியாக்கும். வினைச்சொல் உண்மையைச் சொல்லித்துன்னா அவனை எதுக்குக் கூப்பிடணும்?"

"கடைசியில 'யுவர்ஸ் சின்சியர்லி'ன்னு போடணுமே சாமி" என்றேன்.

"'யுவர்ஸ்'னா போறும். மிச்சத்தை அவர் விசாரிச்சுக்கட்டும்."

இத்தனையையும் விட அவர் அஞ்சிய சொல் ஒன்று உண்டு. அது "ஐ". நான் என்று எழுதிவிட்டால் பொறுப்பு வந்து தலையில் உட்கார்ந்துவிடுமாம். அதனால் எங்கள் கடிதங்களில் ஆளே இருக்காது. "கருதப்படுகிறது" என்று இருக்கும். "கவனிக்கப்பட்டுள்ளது" என்று இருக்கும். வாசித்தால் பேய் வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் தானாக நகர்வதுபோல இருக்கும். போகப்போக இந்த நோய் அவருடைய தமிழுக்கும் பிடித்துவிட்டது. ஒருநாள் அவர் முழங்கை பட்டு மைக்கூடு கவிழ்ந்து, நான் மத்தியானம் முழுக்க அடித்து வைத்த காகிதமெல்லாம் நீலமாகிவிட்டது. சாமி எட்டிப் பார்த்துவிட்டு, "மை கொட்டப்பட்டுடுத்து" என்றார். யாரால் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. வீட்டு உலையை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

ஆயுசில் அவர் சந்தேகப்படாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது மலைமேல் இருந்த துரை. ஒருமுறை ஆணி வந்து சேரவில்லை என்று துரை கடிதம் போட்டார். "ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் மண்டே" என்று அதில் இருந்தது. அப்படி எழுதினால்தான் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றுவார்கள். சாமியின் மேஜை இழுப்பறையில் இருந்த இலக்கணப் புத்தகமும் அது தப்பு, 'ஹாவ் பீன் வெயிட்டிங்' என்றுதான் வரவேண்டும் என்றே சொன்னது. கடிதத்தையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் தீர்ப்பு வந்தது.

"புஸ்தகம் எழுதினவன் யாரு? விக்கறதுக்கு எழுதினவன். துரை பொறந்ததே அந்தப் பாஷையிலயாக்கும். அவருக்குத் தெரியாதோ? சந்தேகப்படணும்னா புஸ்தகத்தைத்தான் சந்தேகப்படணும்."

அன்றிலிருந்து எங்கள் ஆபீஸ் முழுக்க எல்லாரும் எல்லாவற்றுக்காகவும் "வெயிட்டிங் சின்ஸ்" ஆனோம்.

அவருடைய முடிச்சைப் பற்றியும் சொல்லவேண்டும். சாமி தமக்கென்று ஒரு முடிச்சுக் கண்டுபிடித்து வைத்திருந்தார். இரண்டு சுற்று, நடுவில் ஒரு கொக்கி, நுனி உள்ளே ஒளிந்துகொள்ளும். வேறு யார் அவிழ்த்தாலும் திரும்ப அப்படியே போட முடியாது. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அந்த முடிச்சு. குடைக்கும் அந்த முடிச்சு. மழை வந்தால் குடையை அவிழ்க்க நிற்பார். அவிழ்த்து விரிக்கும்போது மழை நின்றிருக்கும். துரைக்குப் போகும் தபால் பைக்கும் அதே முடிச்சுத்தான், வழியில் யாராவது பிரித்து வினைச்சொல்லை மாற்றிவிடுவார்களாம். ஆபீசில் குறுப்புக்கு மட்டும் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார், என்மேல்தான் சந்தேகமாயிற்றே.

பையின் பயணம் இப்படி. நாங்கள் தம்பானூரில் பஸ் கண்டக்டர் கையில் கொடுப்போம். அவர் வித்துரா சந்தையில் வாசு என்பவருடைய டீக்கடையில் கொடுப்பார். எஸ்டேட் தபால்காரர் மலையிலிருந்து இறங்கி வந்து, கடையிலிருந்து எடுத்துக்கொண்டு மேலே போவார்.

அந்த மழைக்காலத்தில் எஸ்டேட்டுக்குப் போகும் பாதை கடைசி ஏற்றத்தில் இடிந்து கிடந்தது. லாரி அடிவாரத்தோடு நின்றுவிடும். அரிசி எந்த நாளில் வரும் என்று முன்கூட்டிக் கடிதம் போட்டால், துரை ஆட்களைத் தார்ப்பாயோடு அனுப்பி மூட்டைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோவார். அப்படி ஒரு கடிதம் போகவேண்டிய நாளில் குறுப்பு தங்கை கல்யாணத்துக்கு லீவு. சாமி வீட்டில் அவருடைய அப்பாவுக்குத் திவசம். நானே கடிதத்தைப் பையில் வைத்தேன். அம்மா புளிப்பொட்டலம் கட்டுகிற முடிச்சு ஒன்று எனக்குத் தெரியும், அதைப் போட்டேன். கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

பை மலைக்குப் போகவில்லை. லாரி போய்விட்டது. அடிவாரத்தில் ஆள் இல்லை. டிரைவர் மூட்டைகளை ஒரு மரத்தடியில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். மலைமழை ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. தொழிலாளிகளின் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், அந்த வாரம் மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்தார்களாம். துரையிடமிருந்து கடிதம் வந்தது. யாருடைய தப்பு என்று எழுதுங்கள், அந்த ஆளை வேலையிலிருந்து நீக்குங்கள், அவ்வளவுதான். மேனேஜர் நின்றுகொண்டே வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் குடுத்தேன் சார். கண்டக்டர் கையிலதான் குடுத்தேன்" என்றேன்.

"பின்னே பை எவிடே? காத்துல போயோ?" என்றார் மேனேஜர். சாமியின் பக்கம் திரும்பினார். "சாமி, ரிப்போர்ட் எழுதணும். 'டைப்பிஸ்ட் கேர்லெஸ்லி ஃபெயில்ட் டு செண்ட் த பேக்.' அத்ரே மதி, போதும். அடுத்த மாசம் வேற ஆள் வரட்டே."

 வேறு ஆள் யாரென்று எனக்கு உடனே தோன்றிவிட்டது. சாமியின் மருமான் டைப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்தான். இவருக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை, சந்தோஷமாக எழுதுவார் என்று நினைத்தேன்.

சாமி பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை.

"'ஃபெயில்ட்'னா முடிஞ்சுபோன காரியம். முடிஞ்சதை யாரு பாத்தா?" என்றார்.

"சாமி, இது கிராமர் கிளாஸ் அல்ல."

"'கேர்லெஸ்லி'னு வேற ஒரு கூலிச் சாட்சி. இவளோட அஜாக்கிரதையை யாரு பாத்தா? நீங்க பாத்தேளா?"

"சாமிக்கு இவளிடத்து அத்ர விசுவாசமோ?"

"விசுவாசமா? இவள்கிட்டயா?" சாமி உண்மையாகவே பதறிப்போனார். "நேக்கு இவ மேலே நம்பிக்கையே கிடையாது. வினைச்சொல் மேலே அதைவிடக் குறைச்சல். ரெண்டு நாள் கொடுங்கோ. விசாரிச்சுட்டு எழுதறேன்."

என் வேலை போகிறதா இருக்கிறதா என்பதை விட அதை எந்த வினைச்சொல்லில் எழுதுவது என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை இப்போது எழுதினாலும் காகிதம் சுடும். அந்த ஆத்திரத்தின் நடுவில் என்னிடம் வந்து, "டைப்பு, நாளைக்குக் காலம்பற பஸ்ஸுக்கு வந்துடு. வித்துராவுக்குப் போறோம். உன்னை இங்கே விட்டுட்டுப் போனா நீ சாட்சியைக் கலைச்சுடுவே" என்றார்.

வீட்டில் அம்மா அழுது ஓய்ந்துவிட்டுச் சொன்னாள். "போயிட்டு வா பிள்ளே. அந்தச் சாமி ஒன்னயும் நம்பமாட்டாரு, பஸ்ஸயும் நம்பமாட்டாரு. அதனால பத்திரமாக் கொண்டாந்து விட்டிருவாரு."

அம்மா சொன்னது சரிதான். பஸ்ஸின் நெற்றியில் வித்துரா என்று எழுதியிருந்தது. சாமி அதை வாசித்துவிட்டு டிரைவரிடம் கேட்டார். பிறகு ஒரு வெற்றிலைக்காரியிடம் கேட்டார். என்னை முன் ஸீட்டில் உட்காரவைத்து, தாம் பின்னால் உட்கார்ந்துகொண்டார். குற்றவாளி கண்பார்வையில் இருப்பதுதான் முறையாம். நல்லவேளையாக அன்றைக்குப் பை வாங்கிய அதே கண்டக்டர்தான். "குட்டி தந்நு சாமி. நான் வாசுவின்ற கடையில கொடுத்து" என்றார். சாமி தலையை ஆட்டினார். நம்பினார் என்று அர்த்தமில்லை.

நெடுமங்காடு தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பிப் பார்த்து, "சாமிக்கு மருமான் இருக்காருல்லா. டைப் பாஸ் பண்ணினவரு" என்றேன்.

"இருக்கான். அதுக்கென்ன?"

"எடம் ஒண்ணு காலியாகுது."

சாமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் கோணிற்று. "அவனையா? நம்ம ஆபீஸ்லயா? அவன் அடிச்ச காகிதத்தை நீ பாத்திருக்கியோ? உன்மேலே நேக்குச் சந்தேகம்தான். அவன்மேலே நேக்குச் சந்தேகமே இல்லை" என்றார். 

வாசுவின் டீக்கடை சந்தையின் ஓரத்தில் இருந்தது. வாசு, சாமியைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"சாமி வந்நல்லோ. நான் நோக்கி நோக்கி இருந்நு."

"பை வந்துதா?" என்றார் சாமி.

"வந்நு. பத்திரமா இருக்கு. ஆருக்கும் கொடுக்கல்ல, கேட்டோ."

உள்ளே கூட்டிப்போனார். தொங்கிய வாழைக்குலையை விலக்கினார். பின்னால் ஆணியில் எங்கள் தபால் பை. அதன் வாயில் அம்மாவின் புளிப்பொட்டல முடிச்சு, நான் போட்டபடியே இருந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல இருந்தது.

"எஸ்டேட் ஆள் வந்து கேக்கலையா?" என்றார் சாமி.

"வந்நு கேட்டான். பை இல்லான்னு சொல்லி நான் விட்டு."

"ஏன்?"

வாசுவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "சாமியல்லே சொல்லிச்சு? போன ஓணத்துக்கு முன்னே இவிடே வந்நு, இதே இடத்துல நின்னு. பை வாயில இருக்கிற கெட்டு, இந்த முடிச்சு, மாறியிருந்தா ஆருக்கும் கொடுக்கண்டா, வந்நதாவே சொல்லண்டா, ஆரையும் நம்பண்டா, நான் வருந்நவரைக்கும் தனியா மாத்தி வைச்சிருக்கணும்னு. கெட்டு மாறியிருக்கு. நான் மாத்தி வைச்சு."

 சாமி பையைப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். மறந்துபோயிருந்தார் என்பது அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ எச்சரிக்கை சொல்லி வைத்தவர், எல்லாவற்றையும் எப்படி நினைவு வைத்திருப்பார். மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். வாசு ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து வைத்தார். வெளியே பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர், தண்ணீர் எங்கே எடுத்தது, பால் யாருடையது என்று கேட்காமல் அதை எடுத்துக் குடித்தார்.

திரும்பும்போது பை அவர் மடியில் இருந்தது. இந்த முறை நான் பின்னால் உட்கார்ந்தேன். சந்தேகம் இப்போது என் பக்கம் வந்துவிட்டது. நடந்தது என்னவென்று தெரிந்தவர்கள் மூன்று பேர். வாசு மலையடிவாரத்தை விட்டு வரமாட்டார். நான் சொன்னால் மேனேஜர் நம்பமாட்டார். மிச்சம் இருப்பவர், மைக்கூட்டைத் தாமே கவிழ்த்துவிட்டுக் கொட்டப்பட்டுவிட்டது என்று சொன்னவர். பென்ஷனுக்கு அதிக வருஷம் இல்லை, கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தாள். அந்த ஆளை நீக்குங்கள் என்று துரை எழுதியிருக்கிறார். என் தலையை உருட்டிவிட்டால் இவர் தலை தப்பும். நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் நன்றாயில்லை.

"சாமி, நாளைக்கு என்ன எழுதப்போறீய?" என்று கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. "உள்ளது எழுதப்படும்" என்றார்.

தொலைந்தது என்று நினைத்துக்கொண்டேன். அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா கட்டிலில் கிடந்தபடியே என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் காலையில் சாமி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். எழுதி முடித்த காகிதத்தை என் மேஜையில் வைத்தார். அவர் கையெழுத்தில் இத்தனை சின்னக் கடிதம் நான் பார்த்ததில்லை. அடித்தல் திருத்தல் இல்லை. டைப்பிஸ்ட் பையை அனுப்பினாள். நான் அதை வித்துராவில் நிறுத்தினேன். நான் கடைக்காரருக்கு ஒரு உத்தரவு கொடுத்தேன், நான் அதை மறந்தேன். நான் அரிசியைக் கெடுத்தேன். இதுதான் விஷயம். ஒவ்வொன்றும் இங்கிலீஷில் இத்தனூண்டு வாக்கியம். ஒரு "ஹாட்" இல்லை, ஒரு அடைமொழி இல்லை.

"சாமி, இதுல 'ஐ' இருக்கு" என்றேன்.

"இருக்கு."

"மொத வரி தவிர எல்லா வரியிலயும் இருக்கு."

"பாத்துட்டேனே டைப்பு. என் கண்ணாலயே பாத்துட்டேன். இனிமே அதை எப்படி மாத்தறது? அடி."

மேனேஜர் வாசித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவருக்கும் சாமியை இழக்க மனமில்லை. "சாமி, 'பேக் வாஸ் ஸ்டாப்ட்'னு போட்டா போதாதோ? சாமிதன்னே இத்ர காலம் அப்படியல்லே எழுதினது?" என்று கெஞ்சினார்.

"யார் நிறுத்தினான்னு துரை கேப்பாரே" என்றார் சாமி. கடிதம் போயிற்று. பைக்கு முடிச்சை அவரே போட்டார்.

பதில் கடிதம் வரவில்லை. துரையே வந்தார். ஒரு முற்பகலில் வாசலில் ஜீப் நின்றது. மாடிப்படி அதிர ஒரு நெட்டை மனிதர், நனைந்த தொப்பியோடு, முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டோடு ஏறி வந்தார். எல்லாரும் எழுந்து நின்றோம். சாமி மட்டும் கோட்டின் பொத்தான்களை எல்லாம் போட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தையும் குடையையும் கையில் எடுத்து, வீட்டுக்குப் போகத் தயாராகவே நின்றார்.

துரை சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். யார் எழுதியது என்று கேட்டார்.

சாமியின் உதடு அசைந்தது. "இட் வாஸ்" என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் "ஐ" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

துரை கிட்டே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குடையும் சேர்ந்து குலுங்கியது. பிறகு மெதுவாக, சொல் சொல்லாகத் தேடித் தேடிப் பேசினார். எனக்கே முழுக்கப் புரிந்தது. அவர் இங்கிலீஷ்காரரே இல்லையாம். டென்மார்க்காம். இங்கிலீஷ் பெரியவரான பிறகு புத்தகத்தில் படித்ததாம். எங்கள் கடிதம் வந்தால் அகராதியை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். யார் என்ன செய்தார்கள் என்று கடைசிவரை தெரியாதாம். புரியவில்லை என்று எழுதினால் தம்முடைய இங்கிலீஷைப் பார்த்து இந்த டவுன் ஆபீஸ் சிரிக்குமோ என்று பயமாம். எங்களுடைய "கருதப்படுகிறது" எல்லாவற்றையும் பார்த்து எழுதித்தான் லண்டன் முதலாளிகளுக்குக் கடிதம் போடுகிறாராம். அகராதி இல்லாமல் அவர் வாசித்த முதல் கடிதம் இதுதானாம். அரிசி போனது போனதுதான், இந்த ஆள் இங்கேயே இருக்கட்டும், இனி எனக்கு இப்படியே எழுதட்டும் என்றார்.

படி இறங்குவதற்கு முன் திரும்பி நின்று சொன்னார். "ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் மெனி இயர்ஸ் ஃபார் சச் எ லெட்டர்."

ஜீப் சத்தம் தேய்ந்தது. சாமி குடையை மூலையில் வைத்தார். மேஜை இழுப்பறையைத் திறந்தார். இலக்கணப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"ஆயுசுல ஒரே ஒருத்தரை நம்பினேன் குறுப்பே. அதுவும் இப்படி ஆயிடுத்து" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "டென்மார்க்குன்னு சொல்றாரே, அதுக்குத்தான் என்ன ஆதாரம்?" என்றார்.

நான் நன்றி சொல்லப் போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு நன்றி? இன்னும் என்ன தப்புப் பண்ணி வெச்சிருக்கே?" என்று கேட்டார். பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கிட்ட வா. கையைக் கொண்டா. ரெண்டு சுத்து, நடுவிலே கொக்கி, நுனியை உள்ளே தள்ளு. யாருக்கும் காட்டப்படாது" என்றார். எனக்கு அதுவே சர்ட்டிபிகேட்.

அப்புறம் மாநிலங்களைப் பிரித்தார்கள். எனக்குக் கல்யாணமாகி நாகர்கோவில் பக்கம் வந்துவிட்டேன், அந்தப் பக்கம் மதராசோடு சேர்ந்துவிட்டது. சாமி திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் தம் வீட்டிலேயே இருந்தார். வீட்டில் பருப்பு டப்பாவிலிருந்து பேரன் புத்தக மூட்டை வரை நான் இன்றைக்கும் அந்த முடிச்சைத்தான் போடுகிறேன். அவிழ்க்க முடியாமல் எல்லாரும் என்னைத் திட்டுகிறார்கள்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு கல்யாணப் பந்தியில் பழைய திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர், "நம்ம சம்சயம் சாமி போயிட்டாரே, தெரியாதா?" என்றார்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல, சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுப் பாயசத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தக் கட்டுரையைப் பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்தபோது, சாமியின் பெயருக்கு முன்னால் "மறைந்த" என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தார். நான் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். யாரும் பார்க்காத வினையை ஒரு அடைமொழி என்று தூக்கிக்கொண்டு வந்தால், அதை எப்படி நம்புவது? என் விஷயத்தில் அவர் பார்க்காததை எழுதவில்லை. அவர் விஷயத்தில் நான் எழுதுவேனா? நான் பார்க்கவில்லை. ஆகையால் ஸ்ரீவராகத்தில் மழை பெய்துகொண்டிருக்கிறது, சாமி குடை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.